ஹேண்டில்பாரை உயர்த்திய பிறகு பிரேக் ஹோஸ் எட்டவில்லை: என்ன செய்வது?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, டூயல் சேனல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இரண்டு சக்கரத்துக்கும்). முதுகு வலிக்காக ரைசர் (ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் துண்டு) போட்டு ஹேண்டில்பாரைச் சுமார் 2 அங்குலம் உயர்த்தி, கொஞ்சம் பின்னாலும் இழுத்திருக்கிறார். நேராக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் முன் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாய், விறைத்துக்கொள்கிறது. மாட்டிக் கொடுத்தவரோ, "ஓட ஓட இளகிடும், பரவாயில்ல" என்கிறார். ஹோஸை மாற்ற வேண்டுமா, என்ன நீளம், எந்த வகை, வீட்டிலேயே செய்யலாமா, நாளைக்கு வண்டியை விற்கப் பழைய ஹேண்டில்பாரை மாட்டினால் நீள ஹோஸை அப்படியே விட்டுவிடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

மாற்ற வேண்டும். புது ஹோஸ் கைக்கு வரும்வரை ரைசரைக் கழற்றிப் பழைய உயரத்திலேயே ஓட்டுங்கள். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

பிரேக் ஹோஸ் இளகுகிற சாமான் இல்லை. கம்பெனி ஹோஸின் உள்ளே பிரேக் ஆயிலைத் தாங்கும் ரப்பர் குழாய், அதைச் சுற்றி நூல் பின்னல், அதற்கு மேல் வெயிலையும் மழையையும் தாங்கும் ரப்பர் உறை. நீளவாக்கில் இழுத்தால் பின்னல் விட்டுக்கொடுக்காது. இழுவை முழுவதும் போய்ச் சேருவது, இரண்டு முனையிலும் இரும்புக் குப்பிக்குள் ஹோஸை நசுக்கிப் பிடித்திருக்கிற இடத்துக்கு. இடது பக்கம் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் மடங்கி நிமிரும். முதலில் உறையில் மயிரிழை போல வெடிப்பு வரும், பிறகு ஈரக்கசிவு வரும். அது வெளியே தெரிகிற நேரத்தில் உள்ளே சேதம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. ஹோஸ் விறைத்தால் ஹேண்டில் முழு லாக்குக்கு, அதாவது திரும்பக்கூடிய கடைசி எல்லைக்கு, போகாமல் முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் மெதுவாக யூ டர்ன் எடுக்கும்போது, கடைசி அரை அடியில் ஹேண்டில் திரும்ப மறுத்தால் கால் ஊன்றக்கூட நேரம் கிடைக்காது.

எவ்வளவு நீளம் என்பதற்கு வருவோம். இங்கேதான் பாதிப் பேர் தப்பான நிலையில் வண்டியை வைத்து அளக்கிறார்கள். எந்த ஹோஸ் எந்த அசைவைச் சந்திக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏபிஎஸ் இல்லாத வண்டியில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (லீவரை அழுத்தினால் ஆயிலைத் தள்ளுவது) காலிப்பர் (சக்கர டிஸ்க்கைப் பிடிப்பது) வரைக்கும் ஒரே ஹோஸ். மேல் முனை ஹேண்டில்பாரில், கீழ் முனை ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் முன் ஷாக்). ஹேண்டிலைத் திருப்பினால் இரண்டு முனையும் சேர்ந்தே திரும்பும், ஆகவே இடது, வலது லாக்கில் அந்த ஹோஸின் இழுவை பெரிதாக மாறாது. மாறுவது ஷாக் நீளும்போது. வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் தொங்குகிற அந்த நொடியில்தான் அந்த ஹோஸுக்கு அதிக நீளம் தேவை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கவிட்டு அளக்காமல் அந்த ஹோஸுக்கு நீளம் சொல்லவே முடியாது.

உங்கள் வண்டி ஏபிஎஸ். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் ஹோஸ் நேரே காலிப்பருக்குப் போவதில்லை. சேஸிஸில் உட்கார்ந்திருக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குப் போகிறது. சில வண்டிகளில் டேங்குக்கு முன்னால் ஒரு இரும்புப் பைப்போடு சேர்ந்து, அந்தப் பைப் யூனிட்டுக்குப் போகும். அங்கிருந்து வேறொரு ஹோஸ் திரும்பி வந்து காலிப்பரில் சேரும். நீங்கள் ஹேண்டிலை உயர்த்தியதால் பாதிக்கப்பட்டது அந்த முதல் துண்டு மட்டும்தான். அதன் கீழ் முனை சேஸிஸோடு நிற்கிறது, மேல் முனை மட்டும் ஹேண்டிலோடு சுற்றுகிறது. ஷாக் நீண்டாலும் அமுங்கினாலும் அதற்கு ஒன்றுமில்லை, லாக்குக்கு லாக் திருப்புவதுதான் அதற்குச் சோதனை. பிரேக் லீவர் வலது கையில் இருப்பதால், ஹேண்டிலை இடது பக்கம் திருப்பும்போது மாஸ்டர் சிலிண்டர் முன்னால் போய் டேங்கை விட்டு விலகுகிறது. நீங்கள் சொன்ன விறைப்பு இடது பக்கம் மட்டும் வருவதற்குக் காரணம் அதுதான். காலிப்பருக்குப் போகும் இரண்டாவது ஹோஸைத் தொடவே வேண்டாம். யாராவது இரண்டையும் சேர்த்து 'செட்டாக' மாற்றச் சொன்னால், அது வயதான ஹோஸாக இருந்தால் ஒழிய, காசு வீண். வயது என்று சொன்னதால்: ரப்பர் பிரேக் ஹோஸை 4 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லி யமஹா போன்ற கம்பெனிகள் மேனுவலிலேயே எழுதியிருக்கின்றன. நம் ஊரில் அதைச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீளம் அளக்க ஒரு பழைய கிளட்ச் கேபிளின் வெளி உறை போதும். ஹோஸின் விறைப்புக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். நூலை வைத்து அளக்காதீர்கள், நூல் எங்கே வேண்டுமானாலும் மடங்கும், ஹோஸ் மடங்காது. ஹேண்டிலை இடது லாக்கில் வைத்து, மாஸ்டர் சிலிண்டர் போல்ட்டின் மையத்திலிருந்து கீழே சேருகிற போல்ட்டின் மையம் வரை, பழைய ஹோஸ் போன அதே வழியில், அதே கிளிப்புகள் வழியாகக் கேபிளை ஓட்டுங்கள். வளைவு எங்கேயும் இறுகக் கூடாது. 5 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக எங்கும் வளைக்க மாட்டேன் என்பது என் கணக்கு. அந்த நிலையில் ஒரு விரல் அளவுக்குத் தளர்வு இருக்கும்படி குறித்துக்கொண்டு, அப்படியே வலது லாக்குக்குத் திருப்பிப் பாருங்கள். இப்போது மிச்சமான நீளம் எங்கேயோ மடிந்து வெளியே தள்ளும். அது ஹெட்லைட்டில் இடிக்கிறதா, ஸ்பீடோ மீட்டர் ஓரத்தில் உரசுகிறதா, டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் சிக்குகிறதா என்று பார்த்தால்தான் நீளம் முடிவாகும். குறைந்தால் விறைக்கும், கூடினால் சிக்கும். இரண்டும் ஒரே அளவு கெடுதல்தான். "எதுக்கும் இருக்கட்டும்" என்று நாலு அங்குலம் கூட்டி ஆர்டர் போட்டுவிட்டுப் பிறகு கேபிள் டை போட்டு மடித்துக் கட்டுகிறவர்கள் உண்டு, அது வேண்டாம்.

2 அங்குலம் உயர்த்தினால் 2 அங்குலம் கூடுதல் ஹோஸ் என்று நேர்க்கணக்கு போடாதீர்கள். பின்னால் இழுத்த அளவும், ஹேண்டிலின் அகலமும் கணக்கில் சேரும். அகலம் கூடினால் மாஸ்டர் சிலிண்டர் சுற்றும் வட்டம் பெரிதாகிறது. அதே சமயம், 20 மி.மீ. மாதிரி சின்ன ரைசர் என்றால் பல வண்டிகளில் கம்பெனி ஹோஸிலேயே தளர்வு இருக்கும். ஒரு கிளிப்பை விடுவித்து வழியைச் சற்று மாற்றினாலே சரியாகிவிடும். ஹோஸுக்கும் பிளீடிங்குக்கும் (பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுக்கும் வேலை) செலவு செய்யும் முன், அந்தச் சின்ன ரைசரில் உங்கள் முதுகு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது நல்லது. முதுகு வலிக்குப் பாதி நேரம் காரணம் சீட்டும் பின் ஷாக்கும்தான். மேலும் நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று முழுவதும் நெஞ்சில் வாங்குவீர்கள். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி முப்பந்தல் பக்கம் போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

நீளம் தெரிந்தால் மட்டும் ஹோஸ் ஆர்டர் போட முடியாது. இரண்டு முனையிலும் போல்ட் நுழையும் கண் இருக்கிறதே, பேஞ்சோ என்பார்கள், அது நேராக இருக்கலாம், 20 டிகிரி, 45 டிகிரி, 90 டிகிரி என்று வளைந்தும் இருக்கலாம். பழைய ஹோஸின் இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் திரும்பியிருக்கின்றன என்பதும் முக்கியம். மேசையில் வைத்து ஒரு கண்ணைத் தட்டையாக அழுத்திப் பிடித்து, மற்றது எந்தப் பக்கம் எழுகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதில் தவறினால் நீளம் சரியாக இருந்தும் ஹோஸை முறுக்கித்தான் மாட்ட வேண்டியிருக்கும். முறுக்கி மாட்டிய ஹோஸ் ஒவ்வொரு பிரேக்குக்கும் தன்னை நேராக்கிக்கொள்ளப் பார்க்கும், அந்த வேகத்தில் போல்ட்டைக்கூடத் தளர்த்தும். போல்ட்டின் மரையையும் பாருங்கள். 10 மி.மீ. பேஞ்சோ போல்ட்டில் மரை இடைவெளி 1.0 மி.மீ., 1.25 மி.மீ. என்று இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன. 1.25 போல்ட்டை 1.0 மரை ஓட்டையில் விட்டால் முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "டைட்டாக இருக்கு" என்று ஸ்பேனரைப் போட்டால் அலுமினிய மரை அப்படியே வழித்துக்கொண்டு வரும், அதோடு மாஸ்டர் சிலிண்டர் போச்சு. புது போல்ட் எதுவானாலும் கையால் கடைசிவரை ஏறவேண்டும். நல்ல நிலையில் இருந்தால் பழைய போல்ட்டையே போடுங்கள்.

அடுத்தது எந்த வகை ஹோஸ் என்பது. இங்கே ஒரு எச்சரிக்கை, இதை நம் குமரி மாவட்டத்தில் அடிக்கடி பார்க்கிறேன். ஜேசிபி, டிப்பர் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள் இங்கே நிறைய. அளவு சொன்னால் உடனே வெட்டி, முனை வைத்து நசுக்கிக் கையில் தந்துவிடுவார்கள். எத்தனையோ பார் அழுத்தம் தாங்கும் ஹோஸ், ஜேசிபியே தூக்குகிறது, பைக் பிரேக் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பிரச்சினை அழுத்தத்தில் இல்லை, உள்ளே ஓடுகிற திரவத்தில். ஹைட்ராலிக் ஹோஸின் உள் ரப்பர் பெரும்பாலும் நைட்ரைல். பெட்ரோலிய எண்ணெய்க்காகவே செய்தது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே அல்ல. டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகைத் திரவம். நைட்ரைல் அதில் ஊறிக் கெடும். உப்பிய ரப்பர் உள்ளே வழியை அடைக்கும், துகள் துகளாக உதிர்ந்து ஏபிஎஸ் வால்வுக்குள் போகும். இதுவே தலைகீழாகவும் உண்மை: பிரேக்கில் இருக்கும் ஈபிடிஎம் ரப்பர் சீல்களுக்கு ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் பட்டாலும் உப்பிப்போகும். குலசேகரம் பக்கத்து ஒருவர் இப்படி அடித்த ஹோஸைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். லீவரை விட்ட பிறகும் முன்சக்கரம் பிடித்தபடியே நின்றதால்தான் வண்டி என்னிடம் வந்தது. ஹோஸை வெட்டிப் பார்த்தால் உள் ஓட்டையில் குண்டூசி நுழையவே சிரமப்பட்டது. அழுத்தமாகப் பிடித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. இரண்டு பழைய ஹோஸை நடுவில் ஜாயின்ட் வைத்து நீட்டுவதும் இதே ஜாதி வேலைதான்.

ஆகவே பிரேக்குக்கென்றே செய்த ஹோஸாக வாங்குங்கள். மேல் உறையில் எஸ்ஏஇ ஜே1401 (SAE J1401) அல்லது டாட் (DOT) என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106 விதிப்படி, பைக்கில் வரும் 3 மி.மீ. உள்விட்ட ஹோஸ் 4,000 பிஎஸ்ஐ அழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும், 7,000 பிஎஸ்ஐ-க்குக் கீழே வெடிக்கக் கூடாது. டாட் முத்திரை என்பது அந்த விதிக்கு உட்பட்டது என்று செய்தவர் பொறுப்பேற்பது.

கிடைக்கும் வழி இரண்டு. ஒன்று, அதே கம்பெனியின் உயரமான ஹேண்டில் உள்ள வேறு மாடலின் ஒரிஜினல் ஹோஸ். பாகங்கள் கவுண்டரில் உங்கள் நீளத்தையும் கண் திசையையும் காட்டிக் கேட்டால் சில நேரம் பொருந்தும். பொருந்தினால் அதுதான் எனக்குப் பிடித்த வழி. இன்னொன்று, அளவு கொடுத்துச் செய்து வாங்கும் ஸ்டீல் பின்னல் ஹோஸ். உள்ளே டெஃப்லான் குழாய், மேலே ஸ்டெயின்லெஸ் கம்பிப் பின்னல். டெஃப்லான் அழுத்தத்தில் உப்பாது, அதனால் லீவர் கல் மாதிரி இருக்கும். "பிரேக் இரண்டு மடங்கு பிடிக்கும்" என்று விற்பார்கள், நம்பாதீர்கள். பிடிமானத்தின் எல்லை டயரும் ரோடும்தான். கிடைப்பது நல்ல லீவர் உணர்வு, அதுவும் போதுமானதுதான்.

பின்னல் ஹோஸ் வாங்கினால் பிளாஸ்டிக் உறை போட்டதாக வாங்குங்கள். உறையில்லாத ஸ்டீல் பின்னல் அரம் மாதிரி, எதில் உரசினாலும் அதை அறுக்கும். வயரிங் உறை, டேங்க் பெயின்ட் எதுவும் தப்பாது. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடற்கரையை ஒட்டி வண்டி நிற்கிறது என்றால் இன்னும் ஒன்று: முனைகள் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். சிவப்பும் நீலமுமாகக் கலர் போட்ட அலுமினிய முனைகள் படத்தில் அழகு. உப்புக் காற்றில் ஒரு வருடம் போனால் போல்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூக்கும்.

கூடவே வாங்க வேண்டியவை: புது காப்பர் வாஷர், மூடி திறக்காத சின்ன டப்பா பிரேக் ஆயில், மெல்லிய டிரான்ஸ்பரன்ட் டியூப். வாஷர் ஒவ்வொரு கண்ணுக்கும் மேலும் கீழும் ஒன்று, ஆக ஒரு முனைக்கு 2. ஒரே போல்ட்டில் இரண்டு ஹோஸ் வந்தால் 3. ஒரு முறை நசுங்கிய வாஷரை மறுபடி போடாதீர்கள். தேய்த்துப் போடலாம், சூடு காட்டிப் போடலாம் என்பார்கள். சில்லறைக் காசுக்கு வருகிற சாமானுக்கு இந்தப் பாடு தேவையில்லை. ஆயில், உங்கள் ரிசர்வாயர் (மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் நிற்கும் சின்னத் தொட்டி) மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அது, பெரும்பாலும் டாட் 4. புதிதாக இருக்கும்போது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு வந்துவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. திறந்து பாதியில் வைத்த டப்பாவைப் போன வருடத்திலிருந்து எடுத்து ஊற்ற வேண்டாம். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கான். அதை இதோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் வண்டியில் ஊற்றவே கூடாது. பெயரில்தான் பக்கம், டாட் 5.1 வேறு, அது கிளைக்கால்தான்.

வீட்டில் செய்யலாமா? பிரேக் ஆயிலை முன்பு ஒரு முறையாவது மாற்றிப் பழகியிருந்தால் செய்யலாம். இதுதான் முதல் முறை என்றால், ஹோஸை அளந்து வாங்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள், மாட்டி ஏர் எடுப்பதை ஏபிஎஸ் ஸ்கேனர் உள்ள ஒர்க்ஷாப்பில் விடுங்கள். காரணம் கீழே வருகிறது.

செய்வதாக இருந்தால், முந்தின நாளே காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளை (காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் திருகு) ரிங் ஸ்பேனரால் லேசாக அசைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் 8 மி.மீ. ஸ்பேனர். கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் இது துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும், வேலையின் நடுவில் இது உடைந்தால் வண்டி அங்கேயே நிற்கும். துரு எடுக்கும் ஸ்பிரே விடும்போது டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள். டேங்கைக் கழற்ற முடிந்தால் கழற்றுவது நல்லது, முடியாவிட்டால் ஈரத் துணியால் மூடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சொட்டுப் பட்டால் துடைத்துத் தேய்க்காமல் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

ரிசர்வாயர் ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பழைய ஹோஸை இரண்டு முனையிலும் கழற்றுங்கள். ஏபிஎஸ் பக்கத்து முனை திறந்த உடனே அந்த ஓட்டையை ரப்பர் மூடியாலோ சுத்தமான துணியாலோ அடைத்துவிடுங்கள். யூனிட்டுக்குள் இருக்கும் ஆயில் வடியவே கூடாது என்பதுதான் குறி. புது ஹோஸை எல்லாக் கிளிப்புகள் வழியாகவும் ஓட்டி, இரண்டு போல்ட்டையும் கையால் ஏற்றி, முறுக்கு இல்லாமல் படுக்கிறதா என்று லாக்குக்கு லாக் திருப்பிப் பார்த்த பிறகு இறுக்குங்கள். இறுக்கம் பல வண்டிகளில் 20 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் மாடலுக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கை மதிப்பில் இறுக்குகிறவர்கள் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இறுக்குவார்கள். உள்ளே ஓட்டை போட்ட போல்ட் அது, கழுத்தோடு முறியும்.

ஏர் எடுக்கும்போது வழக்கமாகக் காலிப்பரில்தான் ஆரம்பிப்பார்கள். உங்கள் வேலையில் காற்று புகுந்திருப்பது மேல் ஹோஸில். அதை முதலில் மேலேயே வெளியேற்ற வேண்டும், கீழே தள்ளினால் ஏபிஎஸ் யூனிட் வழியாகப் போகும். வண்டியை சைடு ஸ்டாண்டில் விட்டு, ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் மாஸ்டர் சிலிண்டர் உயரமான இடத்துக்கு வந்துவிடும். ரிசர்வாயரை நிரப்பி, லீவரைச் சின்னச் சின்னதாக, மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள். ரிசர்வாயரின் அடியிலிருந்து குமிழி குமிழியாக வரும். பொறுமை இங்கேதான் வேண்டும், விடாமல் பத்து நிமிடம் அசைத்தாலும் தப்பில்லை. குமிழி நின்றதும், மேல் பேஞ்சோவைச் சுற்றித் துணி வைத்து, லீவரை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை ஒரு கால் சுற்றுத் தளர்த்தி, லீவர் கிரிப்பைத் தொடும் முன் இறுக்குங்கள். உயர்த்திய ஹேண்டிலில் ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறி இறங்கும் நிலை வரலாம். அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். அப்போது மாஸ்டர் சிலிண்டரின் கிளாம்பைத் தளர்த்திச் சற்றுச் சாய்த்துப் பிடித்து அசைத்தால் வந்துவிடும்.

பிறகு காலிப்பரில் வழக்கம் போல: நிப்பிளில் டியூப், டியூபின் முனை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியபடி, லீவரை அழுத்து, நிப்பிளைத் திற, மூடு, லீவரை விடு. ரிசர்வாயர் எந்த நேரத்திலும் மினிமம் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. லீவருக்கும் கிரிப்புக்கும் நடுவில் ஒரு சின்ன மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போகாத கடைசிப் பகுதியில் அழுக்கும் அரிப்பும் இருக்கும். லீவரைக் கிரிப்புவரை அழுத்தினால் ரப்பர் சீல் அதில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் கசிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். சிரிஞ்சில் ஆயிலை நிரப்பிக் காலிப்பரிலிருந்து மேலே தள்ளும் முறையும் உண்டு. ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு அது அருமையான வழி. ஏபிஎஸ் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், காலிப்பர் அடியில் தங்கிய கசடு நேராக யூனிட்டின் நுண்ணிய வால்வுகளுக்குள் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால், காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போயிருக்க வாய்ப்பு உண்டு. அதன் உள்ளறைகள் சாதாரணமாக மூடியிருக்கும். ஸ்கேனரை இணைத்து உள்ளே உள்ள பம்பையும் வால்வையும் ஓட வைத்தால்தான் அந்தக் காற்று வெளியே வரும். முதல் முறை செய்பவரை ஒர்க்ஷாப்புக்குப் போகச் சொன்னது இதற்காகத்தான். "ரெண்டு தடவை ஏபிஎஸ் வேலை செய்யுற மாதிரி பிரேக் அடிச்சா சரியாகிடும்" என்று யாராவது சொன்னால், பிரேக் சரியில்லாத வண்டியில் போய்ப் பிரேக் அடிக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் பேஞ்சோ போல்ட்டுகளைத் தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, சுற்றி வெள்ளை டிஷ்யூ பேப்பர் சுற்றிவிட்டு, லீவரைப் பலமாக ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். லீவர் மெல்ல இறங்கக் கூடாது, பேப்பரில் ஈரம் தெரியக் கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக்கை விட்டால் தடையில்லாமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு, வண்டி நகர்ந்து கொஞ்ச தூரத்தில் அணைய வேண்டும். பிறகு காலி இடத்தில் நடக்கிற வேகத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக. பேச்சிப்பாறை ரோடும் கீரிப்பாறை ஏற்றமும் அடுத்த வாரம் போகலாம். சில நாள் ஓடிய பிறகு போல்ட்டுகளையும் ஹோஸ் உரசும் இடங்களையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

ஹோஸை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள். ஆக்சிலேட்டர் கேபிளும் அதே வலது பக்கம்தான். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, நியூட்ரலில், இடது லாக்குக்குத் திருப்பும்போது ஆர்பிஎம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். வளைவில் தானாக வேகம் எடுக்கும் வண்டி அது. கிளட்ச் கேபிளுக்கு நேர்மாறு, வலது லாக்கில் பாருங்கள். சுவிட்ச் வயர்கள் ஸ்டீயரிங் தலையருகே விறைக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரைத் திருப்பி, ஹேண்டில் நேராக இருக்கும்போது ரிசர்வாயர் மட்டமாக இருக்கும்படி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று இருக்கிறது. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் அடிக்கடி போகிறவர்களுக்கு மாற்றம் செய்த வண்டி அங்கே என்ன பாடு படும் என்று தெரியும். கம்பெனியே விற்கும் ரைசர் அல்லது ஹேண்டில்பார் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லி வைப்பது நல்லது.

கடைசிக் கேள்வி, விற்கும்போது பழைய ஹேண்டிலை மாட்டினால் நீள ஹோஸை விட்டுவிடலாமா என்பது. விடக் கூடாது. இறங்கிய ஹேண்டிலில் அந்த ஹோஸ் வலது லாக்கில் டேங்குக்கு முன்னால் மடிந்து சிக்கும், வாங்குகிறவருக்கு அது தெரியாது. கழற்றிய பழைய ஹோஸைப் பத்திரப்படுத்தி மறுபடி மாட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். விறைத்து இழுபட்ட ஹோஸ் அது, எடுத்து வைத்த காலத்தில் உள்ளேயும் காய்ந்து வெடித்திருக்கலாம். ஹேண்டில்பாரை மட்டும் எடுத்து வையுங்கள். விற்கும்போது உங்கள் மாடலுக்கான புது ஒரிஜினல் ஹோஸ் ஒன்று வாங்கிப் போட்டு, ஆயிலையும் மாற்றி, அந்த இரண்டு பில்லையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.